கண்ணோரச் சுருக்கத்துக்கு ஊசி: போடும் முன் கேட்க வேண்டிய கணக்கு

(நம் சங்கத்தின் மூத்தோர் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுக்குப் பிறகு கேட்கப்பட்ட சில கேள்விகளும் பதில்களும் கடைசியில் சேர்க்கப்பட்டுள்ளன.)



சர்க்கரை, மூட்டு வலி, உயில், நாமினேஷன் என்று பேசி வந்த இந்தக் கூட்டத்தில், கண்ணைச் சுற்றி விழும் சுருக்கத்துக்குப் போடும் ஊசியைப் பற்றி இன்று பேசப் போகிறேன். தலைப்பை அறிவிப்புப் பலகையில் ஒட்டியதும் சிலர் சிரித்தார்கள். "இந்த வயசுல இது ஒண்ணுதான் குறைச்சல்" என்று ஒருவர் சொன்னது என் காதிலும் விழுந்தது. ஆனால் அதே வாரத்தில் நம் குடியிருப்பிலிருந்தே மூன்று பேர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார்கள். அவர்களில் ஒருவர் ஆண். மூவரும் கேட்டது ஏறக்குறைய ஒரே கேள்விதான்: "பணம் கொடுத்துப் போட்டுக்கிட்டேன். நினைச்ச மாதிரி வரலை. ஏன்?"

அந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பேச்சு. போட்டுக்கொள்ளலாமா, கூடாதா என்பது அவரவர் விருப்பம். அதில் நான் தலையிடப் போவதில்லை.

நான் டாக்டர் இல்லை. பி.காம். முடித்து, வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து, 36 வருஷம் கவுன்ட்டரிலும் கிளியரிங்கிலும் உட்கார்ந்துவிட்டு ஓய்வு பெற்றவள். என் நாத்தனாருக்கு இந்த ஊசியால் ஒரு சிக்கல் வந்தபோது கூடவே அலைந்தேன். கண் டாக்டரையும் தோல் டாக்டரையும் கேட்டு எழுதிக்கொண்டேன். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளை வரிவரியாகப் படித்தேன். அதைத்தான் உங்களிடம் சொல்கிறேன்.

மருந்து என்ன செய்கிறது?

'போடாக்ஸ்' என்று பொதுப்பெயர் போல நாம் சொல்வது உண்மையில் ஒரு பிராண்டின் பெயர். உள்ளே இருப்பது பொட்டுலினம் டாக்ஸின் என்ற நஞ்சு. கெட்டுப்போன உணவில் வளரும் ஒரு வகை பாக்டீரியா அதை உண்டாக்குகிறது. 1820-களில் ஜெர்மனியில் கெட்ட இறைச்சி சாசேஜ் சாப்பிட்டவர்களுக்கு இமை தொங்கி, விழுங்க முடியாமல் போனதை யுஸ்டினஸ் கெர்னர் என்ற மருத்துவர் விவரமாக எழுதி வைத்தார். லத்தீனில் 'பொட்டுலஸ்' என்றால் சாசேஜ். பெயர் அங்கிருந்து வந்தது.

அதே நஞ்சை மிக மிகச் சிறிய அளவில் எடுத்து மாறுகண்ணைச் சரிசெய்யப் பயன்படுத்தியவர், சான் பிரான்சிஸ்கோவின் கண் மருத்துவர் ஆலன் ஸ்காட். மாறுகண்ணுக்கும், இமைகள் தாமாக இறுக மூடிக்கொள்ளும் நோய்க்கும் 1989-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கனடாவின் வான்கூவரில் ஜீன் கருதர்ஸ் என்ற கண் மருத்துவர் இமை நோய்க்கு இந்த ஊசியைப் போட்டபோது, புருவ நடுவில் இருந்த கோடுகளும் மறைவதைக் கவனித்தார். அவரும் தோல் மருத்துவரான கணவர் அலஸ்டேரும் 1992-இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். அமெரிக்காவில் புருவ நடுக் கோட்டுக்கு 2002-இலும், கண்ணோரக் கோட்டுக்கு 2013-இலும் அனுமதி கிடைத்தது. ஆக, இது கண் மருத்துவரின் அறையிலிருந்து வந்த மருந்து. பியூட்டி பார்லரில் பிறந்ததில்லை.

அது செய்வது ஒரே ஒரு வேலை. நரம்பு தசையைப் பார்த்து "சுருங்கு" என்று சொல்வது அசிட்டைல்கோலின் என்ற பொருளின் மூலமாக. அந்தப் பொருள் நரம்பிலிருந்து வெளியே வராதபடி மருந்து தடுக்கிறது. தசை தளர்கிறது. தசை இழுக்காததால் மேலே உள்ள தோல் மடிவதில்லை. சில நாட்களில் பலன் தெரிய ஆரம்பிக்கும். முழுப் பலன் தெரிய இரண்டு வாரம் ஆகும். மூன்று நான்கு மாதத்தில் நரம்பு பழைய நிலைக்குத் திரும்பிவிடும். தோலையோ, கொழுப்பையோ, நிறத்தையோ இந்த மருந்து தொடுவதே இல்லை. திருப்தி இல்லாமல் போவதற்கு முக்கால்வாசிக் காரணம் இந்த இடத்தில் இருக்கிறது.

எது போகும், எது போகாது?

வீட்டுக்குப் போனதும் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து பாருங்கள். முகத்தைத் தளர விடுங்கள். பிறகு நன்றாகச் சிரியுங்கள். சிரிக்கும்போது மட்டும் விசிறி மாதிரி விரிகிற கோடு தசையால் வருவது. அதை இந்த ஊசி குறைக்கும். சிரிக்காமல் இருக்கும்போதும் நிற்கிற கோடு, தோலிலேயே பதிந்துவிட்ட கோடு. ஒரு ரூபாய் நோட்டை எட்டாக மடித்துப் பத்து வருஷம் பர்ஸில் வைத்திருந்தால் என்ன ஆகும்? பிரித்து மேஜையில் விரித்தாலும் மடிப்புத் தடம் இருக்கும். இனிமேல் மடிக்காமல் இருந்தால் தடம் மேலும் ஆழமாகாது, அவ்வளவுதான். நம் வயதில் பெரும்பாலும் இரண்டும் கலந்தே இருக்கும். ஆகவே ஓரளவுதான் குறையும். முப்பத்தைந்து வயதுக்காரிக்கு வந்த பலன் அறுபத்தைந்தில் வராது.

கண்ணுக்குக் கீழே பை மாதிரி தொங்குவது உள்ளே இருக்கும் கொழுப்பு முன்னுக்கு வருவதாலும் நீர் தேங்குவதாலும். கருவளையம் நிறத்தாலும், தோல் மெலிவதாலும், நிழலாலும். மேலிமையில் தோல் தளர்ந்து மடிந்து தொங்குவது இன்னொன்று. இவை எதற்கும் இந்த ஊசி பதில் இல்லை. சொல்லப்போனால், கண்ணைச் சுற்றி வளையமாக இருக்கும் தசை அந்தப் பையைக் கொஞ்சம் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதைத் தளர்த்தினால் பை இன்னும் புடைத்துத் தெரியலாம்.

நெற்றிக்குப் போடும்போது நம் வயதுக்காரர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. இமை கனத்துப்போனவர்கள் தங்களை அறியாமலே நெற்றித் தசையால் புருவத்தைத் தூக்கிக்கொண்டுதான் பார்க்கிறார்கள். அந்தத் தசையைத் தளர்த்தினால் புருவம் இறங்கி, இமையும் கூடவே இறங்கும். இளமையாகத் தெரியப் போனவர் தூக்கம் வழிகிற முகத்தோடு திரும்பி வருவார். கண்ணை மூடி, நெற்றியைத் தளர்த்தி, புருவத்தின் மேல் விரலை மெல்ல வைத்துக்கொண்டு கண்ணைத் திறந்து பாருங்கள். விரலுக்குக் கீழே புருவம் மேலே ஏறினால், அதை ஊசி போடுகிற டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

ஊசி போடும் இடமும் அளவும் பிசகினால் வருவது வேறு கதை. கண்ணோரத்தில் கொஞ்சம் கீழே இறங்கிப் போட்டால் கன்னத் தசைக்குப் பரவி, சிரிப்பு ஒரு பக்கம் கோணலாகும். அளவு கூடினால் கண் முழுக்க மூடாது. வறட்சி, எரிச்சல், நீர் வடிதல் எல்லாம் வரும். ஏற்கெனவே கண் வறட்சிக்குச் சொட்டு மருந்து போடுகிறவர்கள் கவனிக்க வேண்டும். புருவப் பக்கத்தில் போட்ட மருந்து இமையைத் தூக்கும் தசைக்குப் பரவினால் இமையே தொங்கிவிடும். என் நாத்தனாருக்கு நடந்தது அதுதான்.

நடந்தது

அவர் அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன். அவருக்கு 59 வயது. மகன் ரிசப்ஷனுக்கு முன்னால் கண்ணுக்குக் கீழே இருக்கும் பை போக வேண்டும் என்று ஆசை. ஒரு கிளினிக்கில் இரண்டு கண்ணுக்கும் புருவத்துக்கும் சேர்த்துச் சலுகை விலை என்றார்கள். ரிசப்ஷனுக்கு ஆறு நாள் இருக்கும்போது போட்டுக்கொண்டார். வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை. "இந்த வயசுல உனக்கு எதுக்கு" என்ற பேச்சு வரும் என்ற பயம்.

நாலாம் நாள் காலையில் வலது இமை பாதிக்கு இறங்கிவிட்டது. பக்கவாதம் என்று நினைத்து அவர் வீட்டுக்காரர் பதறியடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். அவசரப் பிரிவு டாக்டர் முறையாகத்தான் கேட்டார்: "முகத்துல ஏதாவது ஊசி, சிகிச்சை?" பக்கத்தில் வீட்டுக்காரர், புது சம்பந்தி, மகன். இவர் "இல்லை" என்றுவிட்டார். தலைக்கு ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, ஒரு ராத்திரி படுக்கை. ராத்திரி துணைக்கு இருந்த என்னிடம்தான் அழுதுகொண்டே சொன்னார். நான் போய் நர்ஸிடமும் டாக்டரிடமும் சொன்னேன்.

டாக்டர் கேட்ட அடுத்த கேள்வி: "என்ன மருந்து, எத்தனை யூனிட், எந்தெந்த இடத்துல?" கைப்பையில் இருந்த பில்லைப் பார்த்தேன். "ஸ்கின் கேர் – 1" என்று எழுதி, கீழே ஒரு தொகை. மருந்தின் பெயர் இல்லை, அளவு இல்லை, டாக்டர் கையெழுத்து இல்லை. போன் செய்தால் டாக்டர் வெளியூர் போயிருக்கிறார் என்றார்கள். நூறு ரூபாய் வித்டிராயலுக்கும் வவுச்சர் கேட்ட வேலையில் இருந்தவள் நான். முகத்துக்குள் செலுத்திய மருந்துக்கு ஒரு சீட்டு இல்லை!

கண் டாக்டர் அப்ராக்ளோனிடைன் என்ற சொட்டு மருந்து கொடுத்தார். அது இமையில் இருக்கும் இன்னொரு சிறு தசையைத் தூண்டி ஓரிரு மில்லிமீட்டர் தூக்கும். சில மணி நேரத்துக்குத்தான். ரிசப்ஷன் ஆல்பத்தில் எந்தப் படத்தைப் பார்த்தாலும் என் நாத்தனார் வலது கண் தெரியாதபடி திரும்பியே நிற்கிறார். ஏழு வாரத்தில் இமை தானாக ஏறிவிட்டது. எந்தப் பைக்காகப் போனாரோ அந்தப் பை அப்படியே இருக்கிறது.

யூனிட் கணக்கு

மருந்து சிறு குப்பியில் பொடியாக வருகிறது. உப்புநீர் கலந்து கரைத்துத்தான் போடுகிறார்கள். போடாக்ஸின் தாளில் உள்ள கணக்கு: 100 யூனிட் குப்பியில் 2.5 மில்லி கலந்தால், ஊசியில் ஒவ்வொரு 0.1 மில்லிக்கும் 4 யூனிட். கண்ணோரத்துக்கு ஒரு பக்கம் மூன்று இடம், இடத்துக்கு 4 யூனிட். பக்கத்துக்கு 12, இரண்டு பக்கமும் சேர்த்து 24 யூனிட். இது அந்தத் தாளில் உள்ள அளவு. ஆளைப் பார்த்து டாக்டர் கூட்டலாம், குறைக்கலாம்.

அதே குப்பியில் 5 மில்லி கலந்தால் 0.1 மில்லிக்கு 2 யூனிட்தான். பாலில் தண்ணீர் கலந்த கதை. ஊசியில் ஏறும் அளவு கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும், மருந்து பாதி. அதிகம் கலப்பது தவறு என்று சொல்லவில்லை. எத்தனை யூனிட் உள்ளே போனது என்பதுதான் கணக்கு. "ஒரு கண்ணுக்கு இவ்வளவு" என்று மொத்தமாக விலை சொல்லும் இடத்தில் இந்தக் கணக்கு மறைந்துவிடுகிறது.

இன்னொன்று. டிஸ்போர்ட் போன்ற வேறு பிராண்டுகளும் இருக்கின்றன. ஒரு பிராண்டின் யூனிட் இன்னொன்றின் யூனிட்டுக்குச் சமம் இல்லை. "அங்கே 24 யூனிட், இங்கே 60 யூனிட், இங்கே லாபம்" என்று நினைப்பது, ரூபாயையும் டாலரையும் ஒரே பத்தியில் எழுதிக் கூட்டுவது மாதிரி.

செலவையும் சேர்த்தே பாருங்கள். பலன் மூன்று நான்கு மாதம் என்றால், தொடர்ந்து வைத்திருக்க விரும்புகிறவருக்கு வருஷத்துக்கு மூன்று நான்கு தடவை. இது ஒரு தடவைச் செலவு இல்லை, தவணை கட்டுவது மாதிரி. அழகுக்காகச் செய்யும் சிகிச்சைக்கு மருத்துவக் காப்பீடு பொதுவாகப் பணம் தராது.

கேட்டு வாங்க வேண்டியவை

ஒன்று: போடுபவரின் பெயர், மருத்துவக் கவுன்சில் பதிவு எண். தோல் டாக்டரா, பிளாஸ்டிக் சர்ஜனா, கண் டாக்டரா என்று கேளுங்கள். 'ஸ்பெஷலிஸ்ட்' என்ற பலகை மட்டும் போதாது.

இரண்டு: மருந்தின் பிராண்டு, பேட்ச் எண், காலாவதித் தேதி. குப்பியை உங்கள் எதிரில் காட்டச் சொல்லுங்கள். 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டிய மருந்து இது. மேஜை டிராயரிலிருந்து எடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். 2024-இல் அமெரிக்காவிலேயே பல மாநிலங்களில் போலி போடாக்ஸ் புழங்குவதாக அரசு எச்சரிக்கை விட்டது. அடிமாட்டு விலைக்குக் கிடைத்தால் சந்தேகப்படுங்கள்.

மூன்று: மொத்தம் எத்தனை யூனிட், எந்த இடத்தில் எத்தனை. முகப் படம் ஒன்றில் புள்ளி வைத்துக் குறித்துத் தரலாம். அதிக நேரம் பிடிக்காது.

நான்கு: போடும் முன் சிரித்தபடி ஒன்று, சிரிக்காமல் ஒன்று என்று போட்டோ. யாருடைய முகமும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதில்லை. முன்பே இருந்த கோணலுக்கு ஊசியைக் குறை சொல்லாமல் இருக்கவும், ஊசியால் வந்ததை மறுக்க முடியாமல் செய்யவும் அந்தப் படம் உதவும்.

ஐந்து: இரண்டு வாரம் கழித்துப் பார்க்கிறேன் என்ற தேதி. குறைந்தால் மேற்கொண்டு போடக் கட்டணம் உண்டா என்பது. அவசரத்துக்கு ஒரு போன் நம்பர்.

ஆறு: இத்தனையும் உள்ள பில்.

நீங்கள் சொல்ல வேண்டியதும் உண்டு. மயஸ்தீனியா போன்ற தசை பலவீன நோய், முன்பு வந்த முக வாதம், கண் அறுவை சிகிச்சை, கண் வறட்சி, ஆஸ்பிரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை, அண்மையில் போட்ட ஆன்டிபயாடிக் ஊசி எல்லாவற்றையும் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அதை எழுதிய டாக்டரைக் கேளுங்கள். விசேஷத்துக்கு முன் போடுவதானால் குறைந்தது ஒரு மாதம் இருக்கட்டும்.

சரியாக வராவிட்டால்?

மூன்றாம் நாள் கண்ணாடியைப் பார்த்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். பதினான்கு நாள் பொறுங்கள். அதன் பிறகும் பலன் இல்லை என்றால், போட்ட இடத்துக்கே சீட்டோடு போங்கள். அவசரப்பட்டு வேறு இடத்தில் இன்னொரு ஊசி போட்டுக்கொள்ள வேண்டாம். ஃபில்லர் என்ற வேறு வகை ஊசியில் சிலவற்றைக் கரைக்க மருந்து உண்டு. இதைத் திருப்பி எடுக்க மருந்து இல்லை, காலம்தான் எடுக்கும். இமை தொங்கினால் கண் டாக்டரிடம் போங்கள்.

விழுங்க, பேச, மூச்சுவிடச் சிரமம் வந்தால் உடனே ஆஸ்பத்திரி. இமை தொங்குவதோடு இரட்டைப் பார்வை, கடும் தலைவலி, கண்மணிகள் இரண்டும் வேறு வேறு அளவு, கை கால் பலவீனம் இவற்றில் ஏதாவது இருந்தால், ஊசியால்தான் என்று நீங்களே முடிவு செய்யாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

சட்டமும் ஓரளவு துணை இருக்கிறது. பணம் கொடுத்துப் பெறும் மருத்துவச் சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் தீர்ப்பளித்தது. இப்போதுள்ள 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு வருஷத்துக்குள் புகார் தர வேண்டும். சிகிச்சை விவரங்களை நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான நடத்தை விதி. ஆனால் எதிர்பார்த்த அழகு வரவில்லை என்பது மட்டும் வழக்கு ஆகாது. கவனக்குறைவைக் காட்ட வேண்டும். காட்டுவதற்குச் சீட்டு வேண்டும்.

கூட்டத்தில் கேட்டவை

நஞ்சு என்கிறீர்களே, பயமில்லையா? அளவுதான் மருந்தையும் நஞ்சையும் பிரிக்கிறது. இதே மருந்தைத்தான் ஒரு பக்க முகத் துடிப்புக்கும், மூளை வாதக் குழந்தைகளின் கை கால் இறுக்கத்துக்கும், தீராத ஒற்றைத் தலைவலிக்கும் டாக்டர்கள் போடுகிறார்கள். தகுதி உள்ளவர் சரியான அளவில் போட்டால் பெரும்பாலும் பாதுகாப்பானது.

ஒரு மாதத்திலேயே பலன் போய்விட்டது, மறுபடி போடலாமா? மூன்று மாதத்துக்குள் மறுபடி முழு ஊசி வேண்டாம். அடிக்கடி போட்டால் அபூர்வமாகச் சிலருக்கு உடலே மருந்துக்கு எதிராக வேலை செய்து, பலனைக் கெடுத்துவிடும்.

ஊசி வேண்டாம், வேறு என்ன செய்யலாம்? வெயிலில் கூலிங் கிளாஸ், சன்ஸ்கிரீன், புகையை விடுவது. கண்ணாடிப் பவரைச் சரிபார்த்துக்கொள்வதும் உதவும். எழுத்து தெரியாமல் கண்ணை இடுக்கி இடுக்கிப் பார்ப்பதும் சுருக்கம்தான்.

கடைசியாக ஒன்று. போட்டுக்கொள்வதானால் வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள். நாம் கேட்பவர்களாக இருந்தால், சிரிக்காமல் கேட்டுக்கொள்வோம். அந்த ராத்திரி ஸ்கேன் எடுக்க வேண்டி வந்தது மருந்தால் மட்டும் இல்லை. சொல்ல முடியாத கூச்சத்தாலும்தான்.

மேலே சொன்ன ஆறையும் ஒரு பக்கத் தாளாகத் தமிழில் தட்டச்சு செய்து சங்க அலுவலகத்தில் வைத்திருக்கிறேன். யாருக்கு என்று பெயர் எழுத வேண்டியதில்லை, எடுத்துக்கொண்டு போகலாம்.